உங்க நேரமா, எங்க நேரமா?

ஓபேதி சிம்கோகோவுக்குப் பேச்சு வந்த வயதிலேயே கூட வந்த கேள்வி அது: "உங்க நேரமா, எங்க நேரமா?" துண்டுமாவில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். சாலைக்கு இந்தப் பக்கம் தான்சானியா. அந்தப் பக்கம் ஜாம்பியாவின் நகொண்டே. இங்கே பதினொன்று ஆகும்போது அங்கே பத்துதான் ஆகியிருக்கும். இங்கிருந்து அம்மா அங்கே போய்ச் சீனி வாங்குவாள், அங்கிருந்து சித்தி இங்கே வந்து அரிசி வாங்குவாள். யார் யாரை எங்கே வரச் சொன்னாலும் மணியைச் சொன்ன கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும். கேட்காமல் விட்டவன் ஒரு மணி நேரம் வெயிலில் காய்வான், இல்லையென்றால் ஆறிப்போன உகாலிக் களியைத் தின்பான். ஓரிரு முறை பட்டவன் அப்புறம் தூக்கத்தில்கூடக் கேட்பான்.

ஓபேதியின் அப்பா லாரிகளில் மூட்டை தூக்கியவர். மகனுக்கு மூட்டை தூக்கும் உடம்பு இல்லை, வாய் இருந்தது. எல்லையில் வரிசை கட்டி நிற்கும் லாரிக்காரர்களிடம் அவித்த முட்டை விற்றான். முட்டையோடு ஒரு கேலியையும் சேர்த்துக் கொடுத்ததால் மற்ற பையன்களுக்கு முன் அவன் கூடை காலியானது. வளர்ந்து, கல்யாணம் செய்து, எல்லை வாசலுக்குப் பக்கத்தில் அலமாரி அளவுக்கு ஒரு கடை பிடித்தார். ஃபோன் கவர், சார்ஜர், திரைக்கு ஒட்டும் கண்ணாடி. சோறு போட்டது அந்தக் கடை. பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒன்று. அவர் முஷெங்காவாகப் போனார்.

பெண் கேட்டுப் போகிறவருக்கு முஷெங்கா என்று பெயர். எங்கள் நம்வாங்கா ஜனம் சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். பையனைப் பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பையன் முகத்தைக் காட்டக் கூடாது. கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து பதில் வரும் நாள் வரைக்கும் பையனும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது. எது என்றாலும் முஷெங்கா வழியாகத்தான். அவர் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, வெள்ளைத் துணியால் முடிந்து எடுத்துக்கொண்டு போவார். பெண் வீட்டார் திட்டுவார்கள், இல்லாத குறையெல்லாம் சொல்வார்கள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் பெண்ணின் அப்பா முடிச்சை அவிழ்த்தால் சம்மதம். தொடாமல் விட்டால் தட்டு கட்டியபடியே வீடு திரும்பும்.

ஓபேதி கொண்டுபோன தட்டு ஒன்றுகூடத் திரும்பியதில்லை. ஒருமுறை பெண்ணின் பெரியம்மா, "மாப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு பெரிய மூக்கு?" என்று ஆரம்பித்தாள். "உங்க பொண்ணு சமைக்கற வாசன தெருமுனையிலயே தெரிய வேணாமா அத்தை? சின்ன மூக்க வச்சிக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்?" என்றார் ஓபேதி. வீடே சிரித்தது. சிரித்த வாயால் எப்படி இல்லையென்று சொல்வது? முடிச்சு அவிழ்ந்தது.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஃபோனிடம் விழுந்தார். விற்கிறவர் என்பதால் புதிதாக வருவது முதலில் அவர் கையில்தான் இருக்கும். தண்ணீர் குடிக்க வேண்டிய நேரத்தில் அது மணியடிக்கும், அவர் குடிப்பார்.

"தாகமா இருக்கா இல்லையான்னுகூட அதுதான் சொல்லணுமா?" என்பாள் மனைவி தபித்தா.

"உனக்கு என்ன தெரியும்? தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிடும்."

ஒருநாள் நனைந்து சொட்டச் சொட்ட வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்கு மழை இல்லை என்று ஃபோனில் போட்டிருப்பதை அவளிடம் காட்டினார். அவள் துண்டைக் கொடுத்தாள்.

அவர் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் ஆகியிருந்தது. சாலையைத் தாண்டினால் ஃபோன் அந்தப் பக்கத்து சிக்னல் கோபுரத்தைப் பிடித்து மணியைத் தானே மாற்றிக்கொள்ளும். திரும்பி வந்தால் திரும்பவும் மாற்றிக்கொள்ளும். இதில் மனிதன் செய்ய என்ன இருக்கிறது? "அது தானா மாறிக்கும்" என்று ஓபேதி கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அவர்களும் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். சுவர்க் கடிகாரங்களுக்கு பேட்டரி வாங்க ஆள் இல்லாமல் போனது. உங்க நேரமா எங்க நேரமா என்ற கேள்வியும் அப்படியே நின்றுபோனது. நின்றதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

ஓபேதியின் அக்கா ரோடாவுக்கு ஒரே மகன் லமேக்கி, லாரியில் கிளீனராக இருந்து ஓட்டுநரானவன். நகொண்டேயில் மருந்துக் கடையில் வேலை செய்த மேர்விஸ் என்ற பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை. அவளுக்கும்தான். வயிற்றுவலி, தலைவலி என்று அவன் வாங்கித் தின்ற மாத்திரைக்கு அளவில்லை. மேர்விஸின் அப்பா ஜெத்ரோ சிச்சிலிமா தூரத்துக் கிட்வேயில் சுரங்க வேலைக்காரர். பெண்ணைத் தன் தங்கை ஈதாவிடம் நகொண்டேயில் விட்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் விடுமுறைக்கு வந்தவர் கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிறேன். பத்து மணிக்கு வந்து முறையாகக் கேட்டால் பெண் இங்கேயே இருப்பாள். வராவிட்டால் என்னோடு கிட்வேக்கு வருகிறாள். அங்கே ஒரு நல்ல குடும்பம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

தாய்மாமனே முஷெங்காவாகப் போவது அவ்வளவாக வழக்கமில்லை. ரோடா விடவில்லை. "வழக்கத்த நான் பாத்துக்கறேன். உன் வாய் போனாப் போதும்டா."

வெள்ளிக்கிழமை மாலை ஓபேதி ஜெத்ரோவை ஃபோனில் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறோம்."

"பத்துன்னா பத்து. எனக்குப் பஸ் இருக்கு."

"அதெல்லாம் சொல்லணுமா? வந்துடறோம்."

அவர்களுக்குப் பத்து என்றால் நமக்குப் பதினொன்று என்று ஓபேதி மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். கணக்கு சரிதான்.

அன்றிரவு காற்றும் மழையுமாக அடித்து துண்டுமாவில் மின்சாரம் போனது. நம் பக்கத்துக் கோபுரம் அணைந்தது. ஓபேதியின் தலைமாட்டில் கிடந்த ஃபோன் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு நகொண்டேக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. மணியை ஒன்று குறைத்து வைத்துக்கொண்டது. விடிந்து மின்சாரம் வந்த பிறகும் பிடித்ததை விடவில்லை. வானம் ஒரே மூட்டம். வெளியே பார்த்து எட்டா பதினொன்றா என்று சொல்ல முடியாது. யாரும் பார்க்கவும் இல்லை.

ஓபேதி நிதானமாகச் சவரம் செய்தார். மந்தாசிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றார். துணைக்கு வருவதாக இருந்த பக்கத்து வீட்டு சிம்ஃபுக்வே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கெளம்பலயா? பதினொன்னு ஆகப் போகுதே."

"யாரு சொன்னா? பத்துகூட ஆகல."

சிம்ஃபுக்வே தன் பழைய பொத்தான் ஃபோனை நீட்டினான். ஓபேதி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இதுல மணி நீ வச்சதுடா. நீ வச்சா உன்ன மாதிரிதான் ஓடும். என்னோடது மேலேருந்து எடுக்குது. உக்காரு, டீ குடி."

சிம்ஃபுக்வே உட்கார்ந்தான். தேநீர் குடித்துக்கொண்டே தன் ஃபோனில் மணியை ஒன்று குறைத்து வைத்தான்.

தபித்தா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பலாமா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். மூன்று பேரும் கிளம்பிச் சாலையைத் தாண்டி ஈதாவின் வீட்டு வாசலுக்குப் போனபோது ஓபேதியின் ஃபோனில் சரியாகப் பதினொன்று. சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது.

வாசல் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. ஈதா கம்பிக்கு உள்ளே முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. தாடையால் தரையைக் காட்டினாள். தாமதமாக வந்தவர்கள் வெளியே மண்ணில் உட்கார வேண்டும், அதுதான் முறை. தபித்தா புதுத் துணியோடு சேற்றில் உட்கார்ந்தாள். ஓபேதி இதையும் விளையாட்டின் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இந்த வீட்டுல ஒரு நல்ல கன்னுக்குட்டி இருக்கறதா கேள்விப்பட்டு வந்தோம் அத்தை."

"கன்னுக்குட்டி பஸ் ஏறப் போயிடுச்சு."

"அது சரி. பஸ்ல போற கன்னுக்குட்டி இன்னும் விசேஷமாச்சே."

"நான் வெளையாடல தம்பி." ஈதா கடலைத் தோலை ஊதினாள். "எங்கண்ணன் பத்து மணின்னு சொன்னாரா? அவர் ஃபோன்ல பத்து ஆச்சு, வாசலப் பாத்தாரு. பதினொன்னு ஆச்சு, பாத்தாரு. பதினொன்றரைக்குப் பெட்டியத் தூக்கிட்டு, பொண்ணையும் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவர் போயி அரை மணி நேரம் ஆச்சு. பன்னண்டு மணி பஸ்ஸு."

ஓபேதிக்குச் சிரிப்பு போய்விட்டது. ஃபோனை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். "பாருங்க. பதினொன்னு. இது எங்க மணி. உங்களுக்கு இப்பதான் பத்து. நாங்க சரியா வந்திருக்கோம்."

"இங்க வந்தா அது தானா மாறிடும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறது நீதானே? ஏன் மாறல?"

"சில சமயம் ஒட்டிக்கும்."

"எனக்கு ஒண்ணு சொல்லு. பொண்ணு கேக்க வந்தது நீயா, ஃபோனா? ஃபோனுதான்னா சொல்லு, அதுக்கேத்த ஒரு ரேடியோப் பொட்டியாப் பாத்துத் தர்றேன்."

வேறு நாளாக இருந்தால் ஓபேதி இதற்கு நாலு பதில் சொல்லியிருப்பார். அன்றைக்கு ஃபோனைத்தான் பார்த்தார். "அணைச்சுப் போட்டா சரியாயிடும். இருங்க," என்றார். அணைத்தார். திரும்பப் போட்டார். திரை கறுத்து, வெளுத்து, மெல்ல உயிர் பெறும் வரைக்கும் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈதாகூடக் கம்பியருகே வந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டு நான்கு.

"தானா சரி பண்ணிக்கிடுச்சு," என்றார் ஓபேதி.

அப்படியானால் பஸ் போய்விட்டது. யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஓபேதி ஜெத்ரோவின் எண்ணுக்கு அடித்தார். கொஞ்சம் ஒலித்தது, பிறகு துண்டிக்கப்பட்டது. மறுபடி அடிக்க அவருக்கு முகம் இல்லை. ஈதா கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள், தட்டைத் தொடவில்லை. தபித்தா சேற்றைத் தட்டிவிட்டு எழுந்தாள். பஸ் நிலையம் அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான், மருந்துக் கடையைத் தாண்டி வலதுபக்கம். எதற்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு நான்கு என்று கண்ணாலேயே பார்த்த பிறகு போய் என்ன பார்ப்பது?

வீட்டில் லமேக்கி இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் போட்டிருந்தான். தட்டு கட்டியபடியே உள்ளே வருவதைப் பார்த்தான். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு முறையைப் பற்றி அவன் கவலைப்படவில்லை, மேர்விஸுக்குச் செய்தி அனுப்பினான். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். அவள் ஃபோனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டதும், பிறகு எண்ணையே மாற்றியதும் இங்கே யாருக்கும் தெரியாது. ஓபேதி ஈதா மூலமாக இரண்டு முறை ஆள் அனுப்பினார். இரண்டாம் முறை, அங்கே பேசி முடித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. லமேக்கி நெடுந்தூர லாரியில் ஏறிக்கொண்டான். அடுத்த வருஷம் ம்போசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவனுக்கு எடுத்தார்கள். அதற்கு வேறு முஷெங்கா போனார். ரோடா தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் அவரைப் பெரிதாகக் குறை சொல்லவும் இல்லை. மழையைச் சொன்னார்கள், மின்சாரத்தைச் சொன்னார்கள், ஜெத்ரோவின் முன்கோபத்தைச் சொன்னார்கள். ஆனால் பெண் கேட்கப் போக ஒருவரும் அவரை அழைக்கவில்லை. கடை நன்றாகத்தான் நடந்தது. இன்னும் பெரிய திரை உள்ள ஃபோன் ஒன்று அவர் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது.

மேர்விஸ் கடைக்கு வந்தது சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலம் முடிந்த நேரத்தில். அத்தையைப் பார்க்க வந்தவள், ஃபோனுக்குக் கவர் வாங்கலாமென்று சாலையைத் தாண்டியிருக்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. அது தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. ஓபேதி அவளை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, தெரியாதவர் மாதிரி கவர்களைப் பொறுக்கி மாட்டினார்.

"மாமா, என்னத் தெரியலயா?"

"தெரியும்மா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." அவள் ஒரு கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க ஏன் பஸ் ஸ்டாண்டுக்கு வரல?"

"பஸ் போயிடுச்சேம்மா. நான் வந்தப்பவே பன்னண்டு தாண்டிடுச்சு."

"எங்க பன்னண்டு தாண்டுச்சு? அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்க அங்கதான் உக்காந்திருந்தோம்."

ஓபேதி கையிலிருந்த கவரைக் கீழே வைத்தார்.

"அப்பா சொந்தக்காரங்களோட பேசறதுக்குன்னு உங்க ஊர் சிம் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தாரு. அது உங்க மணியக் காட்டிட்டு இருந்திருக்கு. கிட்வேல எல்லாருக்கும் ஒரே மணிதானே, அவருக்கு என்ன தெரியும்? ஒரு மணி நேரம் முன்னாடியே வீட்டவிட்டுக் கெளம்பிட்டோம். அங்க போயி ஃபோனப் பாத்துப் பாத்து, பன்னண்டரை ஆச்சு இன்னும் பஸ் வரலன்னு பஸ்காரனத் திட்டிட்டே இருந்தாரு. பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. கண்டக்டர் சொன்னான், அப்பா நம்பல. ஃபோன அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

ஓபேதிக்கும் இப்போது புரிந்தது. ஈதாவின் வாசலில் அவர் சேற்றில் உட்கார்ந்தபோது நகொண்டேயில் உண்மையான மணி பதினொன்று. அணைத்துப் போட்டதும் அவர் ஃபோன் நம் பக்கத்துக் கோபுரத்தைத் திரும்பப் பிடித்து துண்டுமாவின் மணியைக் காட்டியிருக்கிறது. அது காட்டிய பன்னிரண்டு எங்க நேரம். பஸ்ஸின் பன்னிரண்டு அவங்க நேரம். நடுவில் ஒரு முழு மணி நேரம் கிடந்தது.

"நீங்க அடிச்சீங்க, அப்பா கட் பண்ணாரு," என்றாள் மேர்விஸ். "கொஞ்ச நேரம் கழிச்சு அவருக்கே மனசு எளகிடுச்சு. இப்ப வந்தாங்கன்னா இந்த பெஞ்சுலயே வச்சுத் தட்ட அவுத்துடறேன்னாரு. கூப்பிடுங்கப்பான்னேன். பொண்ணு வீட்டுக்காரன் கூப்பிடறது மொறையில்லன்னுட்டாரு. நான் ரோட்டப் பாத்துட்டே இருந்தேன் மாமா."

ஓபேதி கீழே வைத்த கவரை எடுத்துத் துடைத்தார்.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"லமேக்கிக்கா? தெரியாது."

"சொல்லாதீங்க. இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது?" குழந்தையின் கையிலிருந்த கவரைப் பிடுங்கித் தொங்கவிட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் அவள் சாலையைத் தாண்டிப் போனாள்.

லமேக்கி அந்த வாரக் கடைசியில் வந்தான். லாரி வரிசையில் நின்றது. மாமாவிடம் சார்ஜர் வாங்க வந்தவன் கல்லாவுக்கு இந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு மகள் கேட்ட பொம்மையைப் பற்றி, ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி, போலீஸ்காரர்களைப் பற்றி எல்லாம் பேசினான். ஓபேதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னோடதுல சார்ஜ் போச்சு மாமா. மணி என்ன ஆச்சுன்னு பாருங்க."

ஓபேதி ஃபோனைப் பையிலிருந்து எடுத்தார். திரையைப் பார்க்காமல் கையில் வைத்திருந்தார்.

"நம்ம நேரமா, அவங்க நேரமா?"

லமேக்கி சிரித்தான். "என்ன மாமா, அந்தக் காலத்து ஆள் மாதிரி கேக்கறீங்க? அதுல என்ன காட்டுதோ அதச் சொல்லுங்க."

ஓபேதி பார்த்தார். அதில் காட்டியதைச் சொன்னார்.